சிங்கப்பூரிலிருந்து ஊரில் ஓட்டுப் போட: அலைந்து தெரிந்துகொண்டவை

தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல் நெருங்கிவிட்டது. 38 மாவட்டம், 234 தொகுதி. இப்போதைய சட்டமன்றத்தின் காலம் 2026 மே மாதத்தில் முடிகிறது, அதற்குள் தேர்தல் நடந்தாக வேண்டும். சிங்கப்பூரில் இந்திய பாஸ்போர்ட்டோடு வேலை பார்க்கிற நம்மில் பலர் "ஊரில் எனக்கு ஓட்டு இருக்கிறது" என்ற நினைப்பில்தான் இருக்கிறோம். எங்கள் வீட்டிலும் போன டிசம்பர் வரை அப்படித்தான். அதன் பிறகு பட்ட பாட்டில் ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் கரைந்தது. சம்பளமில்லா விடுப்பு எடுத்தேன், பல நாள் தூக்கம் போனது. இப்போது என் பெயர் பட்டியலில் ஏறிவிட்டது, என் கணவர் பெயர் இன்னும் ஏறவில்லை. விவரம் தெரிந்த யாராவது ஆரம்பத்திலேயே உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் இந்தச் செலவில் முக்கால்வாசி மிச்சமாகியிருக்கும். எனக்குச் சொல்ல ஆள் இல்லை, உங்களுக்காவது சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சிக்கலே அதில்தான் ஆரம்பித்தது. நான் பிறந்தது தஞ்சாவூர் மாவட்டம், பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். கட்டிக்கொடுத்தது சிவகங்கை மாவட்டம். தம்பி சென்னையில் வேலை கிடைத்துத் தாம்பரத்தில் குடியேறிவிட்டான், அம்மா போன பிறகு அப்பா பாதி நாள் கிராமத்திலும் பாதி நாள் தம்பி வீட்டிலுமாக இருக்கிறார். நாங்கள் ஈசூனில் வாடகை வீட்டில் இருக்கிறோம், நான் ஜூரோங்கில் ஒரு சரக்குக் கிடங்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு என் ஓட்டை மாமனார் ஊருக்கு மாற்றினார்கள். பாஸ்போர்ட்டை மாற்றவில்லை, அதில் அப்பா வீட்டு முகவரிதான் இன்னும் இருக்கிறது. ஊரில் பெரும்பாலான பெண்களுக்கு இப்படித்தான் இருக்கும். ரேஷன் கார்டு ஒரு ஊர், பாஸ்போர்ட் ஒரு ஊர், ஓட்டு ஒரு ஊர்.

இங்கே இருந்துகொண்டு அந்த ஒரு ஓட்டுக்காக ஏன் இவ்வளவு என்று என்னிடம் பலர் கேட்டார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது அப்பாவின் தென்னந்தோப்பு ஒரே ராத்திரியில் படுத்துவிட்டது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் யார் வீட்டிலும் இதே கதைதான். ஒரு தென்னை காய்ப்புக்கு வர எத்தனை வருடம் ஆகும் என்று விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். மரம் வெட்டி அகற்றுவதிலிருந்து நிவாரணம் வரை அந்த நாட்களில் அரசாங்கம் என்பது எங்கள் வாசலில் நின்றது, அல்லது நிற்காமல் போனது. கடைமடைப் பகுதி எங்களுடையது. காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். வாய்க்கால் தூர்வாரினார்களா இல்லையா என்பதைத் தீர்மானிப்பவர்களைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கும் ஒரு கை இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும் என்பவர்களுக்கு இரண்டு தொகுதிகளை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். 2016-ல் ராதாபுரத்தில் வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. 2021-ல் தியாகராய நகரில் 137 ஓட்டு. ஈசூனில் எங்கள் பிளாக்கில் மட்டும் அதற்கு மேல் ஆட்கள் குடியிருக்கிறோம்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். 2025 நவம்பரில் எஸ்.ஐ.ஆர். என்கிற வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தமிழ்நாட்டில் தொடங்கியது. வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீடு வீடாக வந்து ஆளுக்கு இரண்டு படிவம் கொடுத்து, நிரப்பி ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். மாமனார் வீட்டுக்கும் வந்தார்கள். மாமா உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார்: "பையனும் மருமகளும் சிங்கப்பூர்ல இருக்காங்க." வந்தவர் குறித்துக்கொண்டு, "பார்த்துக்கலாம் ஐயா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மாமா, அத்தை படிவங்கள் மட்டும் போயின. எங்களுடையவை போகவில்லை என்பது எங்களுக்குத் தெரியாது, மாமாவுக்கும் அதன் பொருள் தெரியாது.

டிசம்பர் 19-ம் தேதி வரைவுப் பட்டியல் வந்தது. 6 கோடியே 41 லட்சம் இருந்த பட்டியல் 5 கோடியே 43 லட்சமாகச் சுருங்கியிருந்தது. 97 லட்சத்துக்கு மேல் நீக்கம். அதில் 66 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இடம்பெயர்ந்தவர்கள் அல்லது முகவரியில் இல்லாதவர்கள் என்ற கணக்கில் போனார்கள். அந்தக் கணக்கில் நாங்கள் இருவரும் இருந்தோம். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு, கைப்பேசியில் தேடினேன். வாக்காளர் அட்டை எண்ணைப் போட்டால் எதுவும் வரவில்லை. நீக்கப்பட்டவர்கள் பட்டியலை இறக்கிப் பார்த்தபோது எங்கள் பெயர்களுக்கு நேராக நிரந்தரமாக இடம்பெயர்ந்தவர் என்று இருந்தது. செத்துப்போனவர்கள் பெயரும் அதே பட்டியலில்தான். அந்த வரிசையில் என் பெயரைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறோம், நல்லது கெட்டதுக்கு ஓடுகிறோம், அந்த ஊரில் நாங்கள் இல்லை என்று எழுதிவிட்டார்களே என்று அழுதேன். கணவர், "விடு, நம்ம எப்ப போய்ப் போட்டோம்" என்றார். எனக்கு விட மனமில்லை.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், அன்று எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. பெயரை நீக்கியதில் சட்டப்படி பெரிய பிழை கிடையாது. சாதாரண வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டுமென்றால் அந்த ஊரில் வழக்கமாகக் குடியிருக்க வேண்டும். வேலைக்காகவோ படிப்புக்காகவோ வெளிநாட்டில் குடியிருப்பவர்களுக்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். 2010-ல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, 20ஏ என்ற பிரிவைச் சேர்த்து, வெளிநாடு வாழ் வாக்காளர் என்று தனி வகையை உருவாக்கினார்கள். 2011 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதற்கான விண்ணப்பம்தான் படிவம் 6ஏ. ஊரில் இருப்பவர்கள் போடுவது வெறும் படிவம் 6. அந்த ஒற்றை எழுத்து வித்தியாசம்தான் என்னை விமானம் ஏற வைத்தது.

மறுநாளே மாமாவிடம் சொன்னோம். அவர் பாவம், அந்த வயதில் வெயிலில் போய், கடைத்தெருவில் உள்ள ஒரு கணினி மையத்தில் விசாரித்திருக்கிறார். அவர்கள் 600 ரூபாய் வாங்கிக்கொண்டு இருவருக்கும் படிவம் 6 போட்டுவிட்டார்கள். எங்கே குடியிருக்கிறார்கள் என்றுகூடக் கேட்கவில்லையாம். ஜனவரியில், பொங்கலை ஒட்டி, நேரில் விசாரணைக்கு வரச் சொல்லி எனக்கு அழைப்பு வந்தது. போகாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி ஆகும் என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்தினார்கள். தொலைபேசியில் கேட்கலாமென்று அந்த அலுவலக எண்ணுக்கு விடாமல் அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. 1950 என்ற உதவி எண் இந்தியாவுக்குள் இருந்து அழைப்பதற்கானது, இங்கிருந்து எனக்கு அது கிடைக்கவில்லை. பொங்கல் நேரம் திருச்சி விமானத்துக்கு டிக்கெட் என்ன விலை விற்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போக வர 700 வெள்ளிக்குப் பக்கமாக வந்தது. ஆண்டு விடுப்பு புது வருடத்தில் இன்னும் சேரவில்லை என்பதால் சம்பளமில்லா விடுப்புதான். கணவருக்கு விடுப்பே கிடைக்கவில்லை, பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டு நான் மட்டும் கிளம்பினேன்.

விசாரணை நடந்த இடத்தில் காலையிலிருந்தே கூட்டம். வயதான பாட்டிகள், இந்தத் திருத்தத்தில் ஒப்பிட்டுப் பார்த்த பழைய 2002 வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாததால் அலைக்கழிந்த பெண்கள், திருப்பூருக்கு வேலைக்குப் போய்த் திரும்பிய பையன்கள் எல்லாரும் கையில் பிளாஸ்டிக் உறையில் காகிதங்களோடு நின்றார்கள். என் முறை வந்தபோது அந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "எங்க இருக்கீங்கம்மா?" என்றார். சிங்கப்பூர் என்றேன். "அப்ப இந்தப் படிவம் உங்களுக்கு இல்லையே. நீங்க 6ஏ போடணும். இதுல நான் இங்கதான் குடியிருக்கேன்னு உறுதிமொழி இருக்கு பாருங்க. பொய்யான உறுதிமொழின்னு வந்தா 1 வருஷம் வரைக்கும் ஜெயில்கூட இருக்கு. வாபஸ் வாங்கிட்டுப் போங்க." சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. 700 வெள்ளியும் விடுப்பும் அதற்காகத்தான். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றபோது கோபத்தில் கை நடுங்கியது. ஆனால் அவர் சொன்னது ஒவ்வொன்றும் சரி. அதனால் என் முதல் எச்சரிக்கை இதுதான்: வெளிநாட்டில் குடியிருந்துகொண்டு ஊரில் யாரையும் உங்கள் பெயரில் படிவம் 6 போட விடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் அதைத் திரும்பப் பெறச் சொல்லுங்கள். ஒரே ஆள் இரண்டு இடத்தில் பட்டியலில் இருப்பதும் கூடாது.

அதே மேசையில் இன்னொன்றும் சொன்னார், அதுதான் எனக்குப் பெரிய அடி. 6ஏ போடுவதென்றால் பாஸ்போர்ட்டில் இருக்கும் இந்திய முகவரி எந்தத் தொகுதியில் வருகிறதோ அந்தத் தொகுதியில்தான் பதிய முடியும். மாமனார் ஊரில் இனி எனக்கு ஓட்டு இல்லை. என் பாஸ்போர்ட்படி நான் பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரி. அப்பா வீட்டுக்கே போகிறேன் என்று மனதுக்குள் ஒரு ஓரத்தில் சந்தோஷம் இருந்தது, மாமா முகத்தைப் பார்க்கச் சங்கடமாகவும் இருந்தது. கணவர் நிலைமை இன்னும் மோசம். அவர் பாஸ்போர்ட்டை இங்கே புதுப்பித்தபோது, வசதிக்காக ஈசூன் முகவரியையே கொடுத்தார். இங்கே நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள், விண்ணப்ப மையத்தில் யாரும் வேண்டாமென்று சொல்வதில்லை. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் சிங்கப்பூர் முகவரி இருந்தால் எந்தத் தொகுதியில் பதிவார்கள்? இந்திய முகவரியோடு புது பாஸ்போர்ட் எடுத்த பிறகுதான் 6ஏ. அவர் விண்ணப்பித்திருக்கிறார், ஊரில் காவல்துறைச் சரிபார்ப்புக்காகக் காத்திருக்கிறோம். இந்தத் தேர்தலுக்குள் அவருக்கு முடியுமா என்பது சந்தேகம்தான். இதைப் படிக்கிறவர்கள் இப்போதே எழுந்துபோய் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமான வேலை அது. இந்த ஆண்டு பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போகிறவர்கள் ஊர் முகவரியைப் போடுவது நல்லது.

6ஏ-வைப் பற்றி இனி விவரமாகச் சொல்கிறேன். இதற்குக் கட்டணம் ஒரு காசு கிடையாது. தேக்கா பக்கம் ஒருவர் 80 வெள்ளிக்கு நிரப்பித் தருவதாகச் சொன்னார், கொடுக்காதீர்கள். தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் இணையதளத்தில் வெளிநாடு வாழ் இந்தியர் என்று தனியாகக் கணக்குத் தொடங்கலாம், ஓடிபி மின்னஞ்சலுக்கு வரும், இந்திய எண் கட்டாயமில்லை. ஒரு வண்ணப் புகைப்படம், பாஸ்போர்ட்டில் படமும் விவரமும் உள்ள பக்கம், இந்திய முகவரி உள்ள பக்கம், விசா முத்திரை உள்ள பக்கம், இவ்வளவுதான் கேட்பார்கள். தபாலில் அனுப்புவதாக இருந்தால் ஒவ்வொரு நகலிலும் நீங்களே கையெழுத்துப் போட வேண்டும். பழைய வாக்காளர் அட்டை இருந்தால் ஒப்படைக்க வேண்டும், ஏனென்றால் வெளிநாடு வாழ் வாக்காளருக்கு அட்டை கிடையாது. என் அட்டையை மாமாவிடம் கொடுத்து அனுப்பினேன். பதினெட்டு வயதில் எடுத்த படம் அதில் இருந்தது, கொடுக்க மனசே வரவில்லை.

விசா முத்திரை என்பதில்தான் சிங்கப்பூர்க்காரர்கள் மாட்டிக்கொள்வோம். வளைகுடாவில் இருப்பவர்களுக்காகவோ அமெரிக்காவில் இருப்பவர்களுக்காகவோ எழுதிய விதி போலிருக்கிறது. நமக்கு வேலை அனுமதி என்பது ஒரு அட்டை, இப்போது அதுவும் பெரும்பாலும் கைப்பேசியில்தான். சாங்கியில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவது நின்று வருடங்களாகிவிட்டது. என் பாஸ்போர்ட்டில் சிங்கப்பூர் என்ற பெயர்கூட எந்தப் பக்கத்திலும் இல்லை. முதலில் வெறும் பக்கத்தைப் பதிவேற்றினேன், ஆவணம் போதவில்லை என்று பதில் வந்தது. அப்புறம் வேலை அனுமதி அட்டையின் இரு பக்கமும், மனிதவள அமைச்சு கொடுத்த அனுமதிக் கடிதமும், சிங்கப்பூரில் விசா பாஸ்போர்ட்டில் ஒட்டப்படுவதில்லை என்று நானே கையெழுத்திட்ட ஒரு சிறு விளக்கமும் சேர்த்து ஒரே பிடிஎஃப் ஆக்கிப் போட்டேன். அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. நிரந்தரவாசிகளும் அதற்கான மின்னணு ஆவணத்தை இப்படிச் சேர்க்கலாம். கோப்பு அளவு பெரிதாக இருந்தால் தளம் வாங்காது, எந்தக் காரணமும் சொல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அளவைக் குறைத்துவிட்டு, ராத்திரி நேரத்தில் முயலுங்கள்.

அடுத்தது வீட்டுச் சரிபார்ப்பு. நாம் இங்கே இருந்தாலும், பாஸ்போர்ட் முகவரிக்கு அந்தப் பகுதியின் வாக்குச்சாவடி நிலை அலுவலர் நேரில் போவார். அங்கே இருக்கும் உறவினர் யாராவது, ஆமாம், இது இன்னார் வீடுதான், அவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்க ஆள் இல்லையென்றால் ஆவணங்கள் இங்குள்ள இந்தியத் தூதரகத்துக்குச் சரிபார்ப்புக்காக அனுப்பப்படும். தேர்தலுக்கு முன் அது திரும்பி வருமா என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கள் வீட்டுக்கு அவர் போனபோது வீடு பூட்டியிருந்தது, அப்பா தாம்பரத்தில் இருந்தார். பக்கத்து வீட்டுச் சித்தி அழைத்துச் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். அன்று ராத்திரியே அப்பா பேருந்து ஏறினார். காது மந்தமாகிவிட்ட மனிதர், முழங்கால் வலியோடு, என் ஓட்டுக்காக ராத்திரி முழுக்க உட்கார்ந்து வந்தார். காலையில் அழைத்து, "நீ வேலையைப் பாருத்தா, நான் இங்கதான் இருக்கேன், அவங்க வந்து பார்க்காம நான் எங்கயும் போகமாட்டேன்" என்றார். எத்தனை வயதானாலும் அவருக்கு நான் ஆத்தாதான். அதனால் விண்ணப்பிக்கும் முன்பே ஊரில் யார் வீட்டில் இருப்பார்கள் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அந்தப் பகுதி அலுவலரின் பெயரும் கைப்பேசி எண்ணும் தேர்தல் ஆணைய இணையதளத்திலேயே கிடைக்கும். வீட்டுக்காரர்களை விட்டு அவரை ஒருமுறை அழைத்துப் பேசச் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கன்வாடி ஊழியர்களும் ஆசிரியர்களும்தான் அந்த வேலையைப் பார்க்கிறார்கள். தங்கள் சொந்த வேலைக்கு மேல் இதையும் சுமக்கிறவர்கள், தன்மையாகப் பேசினால் உதவுவார்கள். எங்களுக்கு உதவியவரும் ஒரு அங்கன்வாடி அக்காதான்.

ஏற்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது, மின்னஞ்சலும் வந்தது. அட்டை இல்லாததால் அட்டை எண்ணைப் போட்டுத் தேட முடியாது. உங்கள் வாக்குச்சாவடியின் பாகப் பட்டியலை இறக்கி, கடைசிப் பக்கங்களுக்குப் போனால் வெளிநாடு வாழ் வாக்காளர்கள் என்று தனிப் பிரிவு இருக்கும். எங்கள் பாகத்தில் அந்தப் பிரிவில் என் ஒரு பெயர் மட்டும் இருந்தது. எங்கள் கிராமத்தில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ இருக்கிறார்கள். ஆனாலும் ஒரே ஒரு பெயர். 2024 மக்களவைத் தேர்தலில் இந்தியா முழுவதும் வெளிநாடு வாழ் வாக்காளராகப் பதிந்திருந்தவர்கள் 1,19,374 பேர். வந்து ஓட்டுப் போட்டவர்கள் 2,958 பேர், அதிலும் மிகப் பெரும்பாலோர் கேரளத்துக்காரர்கள். அவர்கள் ஊரில் பதிவு செய்ய வைக்க ஒரு பழக்கமே இருக்கிறது. நம் பக்கம் அப்படி யாரும் முனைவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

பதிந்தாலும் நேரில் போய்த்தான் போட வேண்டும். தபால் ஓட்டு நமக்கு இல்லை, இணைய ஓட்டும் இல்லை. வேறொருவர் நம் சார்பில் போட வழிசெய்யும் மசோதா 2018-ல் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் நிறைவேறாமல் மறு வருடம் காலாவதியானது. மின்னணு முறையில் வாக்குச்சீட்டை அனுப்பலாம் என்று தேர்தல் ஆணையம் 2020-ல் அரசுக்கு எழுதியது, அதுவும் அப்படியே நிற்கிறது. இங்கே 2023 அதிபர் தேர்தலில் வெளிநாட்டில் இருக்கும் சிங்கப்பூர்க் குடிமக்கள் தபாலில் ஓட்டுப் போட்டார்கள், 2025 மே மாதப் பொதுத் தேர்தலிலும் போட்டார்கள். என்னோடு வேலை பார்க்கும் ஒரு அக்காவின் மகள் மெல்பர்னிலிருந்து அனுப்பினாள். அதைக் கேட்டபோது ஏக்கமாக இருந்தது. பெரிய நாடு, கோடிக்கணக்கில் வாக்காளர், சிரமம் இருக்கும்தான். ஆனால் தொழிலாளர் விடுதியில் இருக்கும் ஒரு தம்பி, மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியை டிக்கெட்டுக்குக் கொடுத்துப் போய்தான் ஓட்டுப் போட வேண்டும் என்றால், அந்த உரிமை அவனுக்கு இருப்பதாக எப்படிச் சொல்வது?

டிக்கெட் விஷயத்தில் இப்போது நானும் அந்தத் தவிப்பில்தான் இருக்கிறேன். தேதி இன்னும் அறிவிக்கப்படவில்லை. 2021-ல் பிப்ரவரி 26-ம் தேதி அறிவித்து ஏப்ரல் 6-ம் தேதி 234 தொகுதிக்கும் ஒரே நாளில் நடத்தினார்கள். 2016-ல் மார்ச் 4-ம் தேதி அறிவிப்பு, மே 16-ம் தேதி வாக்குப்பதிவு. ஆக, அறிவித்த பிறகு நமக்குக் கிடைப்பது 5 வாரத்திலிருந்து 10 வாரம் வரை. திருச்சிக்கு நேரடி விமானங்களில் இடம் சீக்கிரம் தீரும். தேதி மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள டிக்கெட் எடுப்பது கொஞ்சம் கூடுதல் செலவானாலும் பரவாயில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். சென்னை, மதுரைக்குப் போய் அங்கிருந்து பேருந்து பிடிக்கும் கணக்கையும் போட்டு வைத்திருக்கிறேன். வாக்குப்பதிவு நாளில் ஊரில் சம்பளத்தோடு விடுமுறை உண்டு, இங்குள்ள முதலாளிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. மேலாளரிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். வருடத்துக்கு ஒருமுறையோ இரண்டு வருடத்துக்கு ஒருமுறையோ ஊருக்குப் போகும் விடுதித் தம்பிகள், அந்தப் பயணத்தையே தேர்தலோடு சேர்த்து வைத்தால் தனிச் செலவு இருக்காது. வாக்குச்சாவடியில் அசல் பாஸ்போர்ட்டைத்தான் காட்ட வேண்டும். ஆதாரோ ஓட்டுநர் உரிமமோ வெளிநாடு வாழ் வாக்காளருக்குச் செல்லாது.

பட்டியல் இறுதியாகிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். தேர்தல் அறிவித்த பிறகும், வேட்புமனு தாக்கல் முடியும் நாளுக்குச் சுமார் 10 நாள் முன்பு வரை விண்ணப்பம் போடலாம். ஆனால் வீட்டுச் சரிபார்ப்பெல்லாம் இருப்பதால் அதுவரை காத்திருப்பது ஆபத்து. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டவர்களுக்கு இந்த வழி கிடையாது, வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா கொடுக்கும் ஓசிஐ அட்டை ஓட்டுரிமை தராது. ஊருக்கே திரும்பிக் குடியேறுகிறவர்கள் வெளிநாடு வாழ் வாக்காளர் பதிவை விட்டுவிட்டு அங்கே படிவம் 6 போட வேண்டும்.

இன்னொன்றையும் அக்கறையோடு சொல்ல வேண்டியிருக்கிறது. தேர்தல் சூடு பிடித்ததும் கைப்பேசியில் கட்சிக் குழுக்கள் முளைத்துவிட்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்சித் துண்டோடு கூடிப் படம் எடுத்து அனுப்பலாம் என்று ஒரு குழுவில் அழைப்பு வந்தது, அதில் தெரிந்த பையன்கள் இருந்தார்கள். தயவுசெய்து வேண்டாம். இந்த நாட்டில் பொது ஒழுங்குச் சட்டப்படி அனுமதி இல்லாமல் ஒரு கட்சிக்காகவோ கொள்கைக்காகவோ பொது இடத்தில் கூடுவது குற்றம். வெளிநாட்டு அரசியலை இங்கே கொண்டுவராதீர்கள் என்று காவல்துறை பலமுறை சொல்லியிருக்கிறது. வேலை அனுமதி பறிபோனால் ஊரில் ஒரு குடும்பமே உட்கார்ந்துவிடும். யாருக்கு ஓட்டு என்பதை அங்கே போய் இயந்திரத்தில் சொல்வோம்.

போன வாரம் தேக்காவில் காய்கறி வாங்கும்போது, பேராவூரணிக்காரத் தம்பி ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். துவாஸில் கட்டுமான வேலை. பாஸ்போர்ட் எட்டு வருடத்துக்கு முன் ஊரில் எடுத்தது, ஊர் முகவரிதான் இருக்கிறது, அம்மா வீட்டில்தான் இருக்கிறார். எனக்கு இருந்த தடை எதுவும் அவருக்கு இல்லை. "அக்கா, அப்ப நான் இன்னைக்கே போடலாமா?" என்றார். வேலை அனுமதி அட்டையைப் படம் எடுக்கச் சொல்லி, அங்கேயே நின்று கைப்பேசியில் கணக்குத் தொடங்கிக் கொடுத்தேன். சரிபார்ப்புக்கு வருவார்கள் என்று அவர் அம்மாவுக்கு அன்று மாலையே சொல்லிவிட்டாராம்.